ஏழு பிரதி

நீதிமன்றத்துக்கு நேர் எதிரே என் கடை.
ஒரு பக்கம் பத்து ரூபா,
இரண்டு பக்கமும் எண்டால் பதினெட்டு.
உறுதி, மரணச் சான்று, சத்தியக்கடதாசி,
கலியாணம் முறிஞ்ச கட்டளை
எல்லாம் இந்தக் கண்ணாடியில் முகம் கவிழ்ந்து படுத்து
ஒரு பச்சை வெளிச்சம் வாங்கி எழும்பும்.
நான் ஒண்டையும் வாசிக்கிறதில்லை எண்டுதான் சொல்லுவன்.
வாசிப்பன்.

தாளையடியிலிருந்து இரண்டு பஸ் மாறி
குணநாயகி அக்கா வருவா.
ஆட்கொணர்வு மனு, ஏழு பிரதி.
முதல் தரம் வந்தபோது மெஷின் புதுசு,
நானும்தான்.
மனுவில் மகனுக்கு வயது பத்தொன்பது.
இண்டைக்கும் பத்தொன்பது.

ஒரு நீதிபதி மேசையில் தட்டிச் சொன்னாராம்:
"அடுத்த தவணைக்கு
முகாம் வாசல் பதிவேடு இந்த மேசைக்கு வரவேணும்."
அக்கா என் கவுண்டரில் அதே மாதிரித் தட்டிக் காட்டினா.
சில்லறை துள்ளி விழுந்தது.
அடுத்த தவணைக்குப் பதிவேடு வரவில்லை.
நீதிபதியும் வரவில்லை. இடமாற்றம்.

பிறகு வந்தவர் முதலிலிருந்து விளங்க வேணும் எண்டார்.
ஏழு பிரதி.
பிறகு ஐந்து மாதம் கதிரை வெறுமை.
வெறும் கதிரைக்கும் தவணை போடத் தெரியும்.
பிறகு ஒருவர்
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டவராம்.
ஏழு பிரதி.

தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்க
கட்சி ரீசேட் போட்ட பெடியன் ஒருத்தன்
முந்நூறு துண்டுப்பிரசுரம் எடுக்க வந்தான்.
மெஷின் சூடேறும் வரைக்கும் வாசித்தேன்.
துறைமுகம் இருந்தது, வேலை இருந்தது,
காப்பெற் றோட்டு மூன்று இடத்தில் இருந்தது.
"உங்கட ஆள் வெண்டால்
அந்தக் கதிரையில ஆரை இருத்துவார்?"
வாசலுக்கு வெளியே கை காட்டிக் கேட்டேன்.
அவன் திரும்பிப் பார்த்தான்.
மதிலும் ஒரு தேமா மரமும் தெரிந்தன.
"அது அப்புக்காத்துமார் பாக்கிற விசயம் அக்கா,
சனத்துக்கு றோட்டுத்தான்."

றோட்டு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை.
குணநாயகி அக்கா அந்த றோட்டால்தான் வந்தவ,
குலுங்காமல், நேரத்தோட,
முப்பத்தோராம் தவணைக்கு.

பரிந்துரைக்க ஓர் ஆணைக்குழு இருக்குதாம்.
கடைசி ஒப்பம் ஒரு பேனாவாம்.
பேனா பிடிக்கும் கையைத்தான் நாங்கள் தெரிகிறம்.
ஐந்து வருசத்தில் அந்தக் கை போய்விடும்.
அது இருத்திவிட்ட ஆள் போகமாட்டார்.
என் மகளின் காணி வழக்கையும்
அவர்தான் கேட்பார்.

வாக்குச்சீட்டு ஒரு முழம் நீளம்.
மட்டை மறைப்புக்குள் குனிந்து நிண்டு
ஒவ்வொரு சின்னத்துக்குப் பின்னாலும்
இன்னொரு முகத்தைத் தேடினேன்.
அந்த முகத்துக்குச் சின்னமில்லை,
சுவரொட்டி இல்லை, மேடையில் மாலை இல்லை.
வெளியில் ஆரோ இருமினார்கள்.
வகுப்பறைக் கரும்பலகையில்
அழிபடாமல் ஒரு பெருக்கல் கணக்கு.
நேரம் எடுக்கிறன் எண்டு தெரிந்தது.

ஆருக்குப் போட்டேன் எண்டு சொல்லமாட்டன்.
மற்றவையின்ர கடதாசியோட சீவிக்கிறவள் நான்,
இரகசியம் எண்டால் என்னவெண்டு தெரியும்.
சரியான ஆளைத்தான் இருத்துவன் எண்டு
எனக்கொருவரும் எழுதித் தரவில்லை.
துண்டுப்பிரசுரத்தில் அந்த வரி இருந்திருந்தால்
அதையும் முழுசாய் நம்பியிருப்பேனோ தெரியாது.
கேட்டிருக்கிறன். அவ்வளவுதான்.

திங்கள் காலை அக்கா வந்தா.
சின்னி விரலில் மை,
அதே விரலில் பழைய நாரிழை வெட்டுக்காயம்.
"இப்ப ஆர் பிள்ளை இருக்கிறார்?"
"தெரியாது அக்கா. புதுசா ஆரோ வரப்போகினமாம்."
அவ கோவையை அவிழ்த்தா.
முதல் தாளின் ஓரம் துணிபோல் தளர்ந்திருந்தது.
"ஆறையும் எப்படியெண்டாலும் எடு.
ஒண்டை மட்டும் கறுப்பா, வடிவா எடு.
அது கதிரைக்குப் போறது."